சேறும் சவுரியும்

எங்கள் காந்தலில் அந்தக் காலத்தில் சேறு என்றால் அவமானம். சேரிங் கிராஸ் பக்கத்துப் பிள்ளைகளின் ஷூவும் எங்கள் ஷூவும் வகுப்பு வாசலில் அருகருகே கிடந்தால், யார் எந்தத் திசையிலிருந்து வந்தவர் என்று வாத்தியார் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஊட்டி மேட்டில் பெய்கிற மழைக்கு எங்கள் தெருதான் வடிகால். மேட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாக மழையை ரசிப்பார்கள். நாங்கள் அதே மழையை வாளியில் அள்ளி வெளியே ஊற்றுவோம்.

ஆனாலும் எங்களைவிட மட்டமான சேறு ஒன்று உண்டு என்பதில் எங்களுக்கு ஓர் ஆறுதல். பிங்கர்போஸ்ட் தாண்டி, பிலிம் கம்பெனி தாண்டி, தலைகுந்தா பக்கம் போனால் சாண்டிநல்லா. அங்கே பள்ளத்தாக்கின் அடியில் கன்னங்கரேலென்று கிடக்கும். மிதித்தால் அமுங்கும், காலை எடுத்தால் மெதுவாக மேலே வரும். தோடர் எருமை ஒன்று அதில் இறங்கி அப்படியே முங்கிவிட்டது என்பார்கள் பெரியவர்கள். எந்த வருஷம், யாருடைய எருமை என்று விவரம் கேட்டால் முதுகில் ஒன்று விழும். எதற்கும் உதவாத சேறு. உருளைக்கிழங்கு போட முடியாது, வீடு கட்ட முடியாது, பந்து விளையாட முடியாது.

இன்று எங்கள் தெருவுக்கு சிமெண்ட் போட்டுவிட்டார்கள். காந்தல் சேற்றைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. எழுத அதில் ஒன்றும் இல்லை. அந்த உதவாக்கரைச் சேற்றின் கதை வேறு. 1993இல் லண்டனிலிருந்து வரும் 'நேச்சர்' இதழில் நீலகிரிச் சேறு இடம்பிடித்தது. அந்த இதழில் பெயர் வர வேண்டும் என்று பேராசிரியர்கள் ஆயுள் முழுக்கத் தவம் கிடக்கிறார்கள். சேறு சும்மா கிடந்தே சாதித்துவிட்டது. 1997இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் இன்னொரு கட்டுரை. இந்த முறை கதை 40,000 ஆண்டு பின்னோக்கிப் போனது. சாண்டிநல்லா என்ற பெயர் இன்று பழங்காலப் பருவமழையை ஆராய்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்குத்தான் தெரியாது.

இதைச் செய்தவர்களில் முக்கியமான இருவர் ஆர். சுகுமாரும் ஆர். ரமேஷும். சுகுமார் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் யானை ஆராய்ச்சியாளர். ரமேஷ் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்காரர், 2018இல் காலமானார். யானைக்காரருக்கும் இயற்பியல்காரருக்கும் எங்கள் சேற்றில் என்ன வேலை என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. புரியவைத்தது என் அக்கா மகள்தான். அவள் வேதியியல் படித்துவிட்டு வடக்கே ஓர் ஆய்வகத்தில் இருக்கிறாள். அங்கே நாள் முழுக்க என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"எரிக்கிறேன் மாமா."

"எதை?"

"எல்லாத்தையும். மண்ணு, இலை, எலும்பு, முடி, மீன் செதிள். எரிச்சு, வர்ற புகையை மெஷின்ல விட்டு எடை பார்க்கிறேன்."

இதற்கா எம்.எஸ்ஸி., பிஎச்.டி. என்று நான் கேட்கவில்லை. முகம் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

காற்றில் இருக்கும் கார்பனில் கிட்டத்தட்ட 99 சதவீதம் 12 எடை கொண்டது. மீதி சுமார் 1.1 சதவீதம், ஒரு நியூட்ரான் கூடுதலாகச் சுமந்துகொண்டு 13 எடையில் திரிகிறது. கதிர் வீசாது, சிதையாது, இருந்தபடியே இருக்கும். இரண்டும் ஐசோடோப்புகள், குணத்தில் ஒன்று, கனத்தில் மட்டும் வேறு. செடிகள் மூச்சிழுக்கும்போது இரண்டும்தான் உள்ளே போகின்றன. அதற்குப்பிறகுதான் செடிக்குச் செடி வித்தியாசம். உழவர் சந்தையில் சிலர் பீன்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கனத்ததை ஒதுக்கிவிட்டு இளசாக எடுப்பார்கள். சிலர் கூடையோடு வாங்கிப்போவார்கள். மரங்களும் பெரும்பாலான செடிகொடிகளும் பொறுக்கி எடுக்கிற ஜாதி. 12ஐ விரும்பி எடுக்கும். 13ஐ முடிந்தவரை தவிர்க்கும். வெயில் நாட்டுப் புல்வகைகள் பலவும், கரும்பும், மக்காச்சோளமும், ராகியும் கூடையோடு வாங்குகிற ஜாதி. வந்த வாயுவை உள்ளறையில் பூட்டிவைத்து ஏறக்குறைய முழுவதையும் உபயோகித்துவிடுவதால், பொறுக்குவதற்கு வழியில்லை. கரும்பில் இந்த ரகசியத்தை 1966இல் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து விளக்கினார்கள்.

விளைவாக, மரம் செத்து மக்கினால் அதன் கார்பன் ஒரு கணக்கு காட்டும். சுமார் மைனஸ் 27. புல் மக்கினால் வேறு கணக்கு; சுமார் மைனஸ் 12. 13இன் விகிதம் ஆயிரத்துக்கு எத்தனை குறைவு என்பதுதான் கணக்கு. எதைவிடக் குறைவு? அமெரிக்காவின் தென் கரோலினாவில் பீ டீ என்ற இடத்துப் பாறையில் கிடைத்த ஒரு கடல் உயிரியின் கல்லாகிப்போன ஓட்டைவிட. அந்த மூலக்கல் தீர்ந்துபோய் வெகுகாலம் ஆகிறது. இன்றும் அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். கைவசம் இல்லாத கல்லை வைத்து அளப்பது நம் சர்வே ஆபீஸ்களுக்கு மட்டுமே தெரிந்த கலை என்று நினைத்திருந்தேன்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். நெல்லும் கோதுமையும் பார்ப்பதற்குப் புல்தான், தாவரவியலிலும் புல்தான். கார்பன் கணக்கில் மட்டும் மரத்தோடு போய் உட்கார்ந்துகொள்ளும். இது பின்னால் எங்கள் வீட்டுக்குள் வந்து வம்பு செய்யப்போகிறது.

இனி சேறு. பள்ளத்தாக்கில் வளர்ந்ததெல்லாம் விழுந்து, தண்ணீருக்கடியில் காற்றில்லாமல் முழுசாக மக்கவும் முடியாமல், அடுக்கு அடுக்காகக் கறுத்துக் கிடப்பதுதான் இந்தச் சேறு, பீட் என்பார்கள். அடியில் உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது. வெள்ளைக்காரர் காலத்தில் ஊட்டியில் இதை வெட்டிக் காயவைத்து எரித்தார்கள். குளிர் அதிகம், விறகு தட்டுப்பாடு. அதே சேற்றைத்தான் ரமேஷ் முதலானவர்களும் எரித்தார்கள். வேர்களைப் பொறுக்கி, அமிலத்தில் கழுவி, குழாயில் அடைத்து எரித்து, வந்த கரியமில வாயுவில் 13 எத்தனை என்று பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கள் சாம்பலை வாரிக்கொட்டிவிட்டுப் புகையைப் புகைபோக்கி வழியே அனுப்பினார்கள். விஞ்ஞானிகள் புகையைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். ஊட்டி பங்களாக்களின் புகைபோக்கிகள் வழியாக எத்தனை ஆயிரம் ஆண்டு வரலாறு வெளியேறியிருக்கும் என்று கணக்குப் பார்க்க இனி வழியில்லை.

இந்தப் புகையில் தெரிந்ததற்கு முன் நடந்த சண்டையைச் சொல்லாவிட்டால் கதையில் உப்பிருக்காது. நீலகிரி மேட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் சோலை. மீதி மேடெல்லாம் புல்வெளி. ஏன் இப்படி? வந்த வெள்ளைக்காரர்களில் பலருக்கும், அவர்களுக்குப் பின் அதே நாற்காலியில் உட்கார்ந்த நம்மவர் சிலருக்கும், பதில் ரெடியாக இருந்தது: முன்பு எல்லாம் காடுதான், தோடர்கள் எருமை மேய்த்தும் தீ வைத்தும் அழித்துவிட்டார்கள், ஆகவே புல்வெளி என்பது கெட்டுப்போன காடு. எங்கள் தெருவுக்குப் பெயர் தந்த காந்தல் மந்து என்ற குடியிருப்பு தோடர்களுடையது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது ஆதாரமாகியிருக்காது.

1938இல் சி. ஆர். ரங்கநாதன் என்ற வன அதிகாரி வேறு ஒன்று எழுதினார். மரக்கன்று புல்வெளிக்குள் வராமல் தடுப்பது உறைபனி. ஆகவே புல்வெளி இயற்கையாகவே இருந்து வருவது என்றார். அதே ஆண்டு என். எல். போர் என்ற இன்னொரு அதிகாரி, இல்லை, மனிதனும் மாடும் நெருப்பும்தான் காரணம் என்றார். ஒரே துறை, ஒரே ஆண்டு, எதிரெதிர் முடிவு. உறைபனியைப் பற்றி ஒரு காந்தல்காரனை விசாரித்திருக்கலாம். டிசம்பர், ஜனவரி பத்திரிகைகளில் உறைபனிப் படம் போட்டால் தலைகுந்தா பெயரோடு எங்கள் ஊர்ப் பெயரும் வரும். சோலை மரத்தின் குருத்து என்ன, உருளைக்கிழங்குச் செடியே ஒரு ராத்திரியில் கருகிப்போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கெட்ட வார்த்தை சொல்வார். ரங்கநாதன் அதையே கட்டுரையாக எழுதினார்.

பிறகு மகரந்த ஆராய்ச்சி வந்தது. சேற்றில் புதைந்த மகரந்தத் தூளை நுண்ணோக்கியில் எண்ணி, பழைய காட்டை மீட்டுச் சொல்வது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தணிகைமணி இதில் பெரிய பெயர். பிளாஸ்கோ என்ற பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களின் பழங்காலத்தை எழுதியவர். 1986 செப்டம்பரில் பான் ஆம் விமானத்தைக் கராச்சியில் கடத்தியபோது அதில் இருந்தார், அங்கேயே கொல்லப்பட்டார். நீலகிரியைப் பற்றி எதைப் படித்தாலும் இந்த மனிதரின் பெயர் ஓர் அடிக்குறிப்பில் எட்டிப்பார்க்கும். எனக்கு அந்த இடத்தில் படிப்பு ஒரு நிமிஷம் நின்றுவிடும். மகரந்தத்துக்கு ஒரு குறை உண்டு. புல் மகரந்தங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே முகம். எந்தப் புல் என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த இடத்தில்தான் கார்பன் 13 வந்து உட்கார்ந்தது.

சேறு சொன்னது இது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், இந்த மேடு புல்லின் ராஜ்யம். வறட்சி. சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஈரம் ஏறி, 11,000 ஆண்டுகளுக்கு முன்பு மழை உச்சத்தைத் தொட்டது. புல் பின்வாங்கி மரங்கள் வந்தன. 6,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 3,500 வரை மறுபடி வறட்சி, மறுபடி புல். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய ஈரக்காலம். புல் ஏறியதற்கு மழைக்குறைவு மட்டும்தான் காரணமா, அன்று காற்றில் கரியமில வாயுவே குறைவாக இருந்ததும் சேர்த்தியா என்று பிறகு விவாதித்தார்கள். அது அவர்கள் பாடு. எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: 20,000 ஆண்டுகளுக்கு முன்பு தோடரும் இல்லை, வீட்டு எருமை என்ற பிராணியே உலகில் இல்லை. புல் மட்டும் இருந்தது. எருமைகள் அத்தனை தலைமுறையாகச் சுமந்த குற்றப்பத்திரிகையில் முதல் வரியே அடிபட்டுப்போயிற்று. யாரும் எருமைகளிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

இதற்கிடையில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? மரம் நட்டுக்கொண்டிருந்தோம்.

'கெட்டுப்போன காடு' என்று தீர்ப்பான பிறகு சும்மா விடுவார்களா? 1843லேயே கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து ஊட்டிக்கு வந்துவிட்டது. அதே காலத்தில் சீகை என்று நாங்கள் சொல்லும் வாட்டில் மரமும். முதலில் விறகுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கற்பூர மரம் என்று புல்வெளி புல்வெளியாக விழுங்கின. நான் படித்த பள்ளியில் வனமகோத்சவம் என்றால் எங்களுக்குத் தீபாவளி. பாடம் கிடையாது. லாரியில் ஏற்றி ஏதோ ஒரு மொட்டை மேட்டில் இறக்கிவிடுவார்கள்; நீளமாய்ப் புல், காற்று, வேறொன்றும் இல்லை. "பாருங்க, எவ்வளவு பாழாக் கெடக்குது" என்பார் வாத்தியார். ஆளுக்கொரு கன்று. நட்டு முடித்தால் ஆரஞ்சு மிட்டாய். அதிகம் நட்டவனுக்கு இரண்டு. தோடர் பெரியவர் ஒருவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மிட்டாய் கொடுக்கச் சொன்னார் வாத்தியார், வாங்கிக்கொண்டார்.

இன்று அதே வயதுப் பிள்ளைகளை வேனில் ஏற்றி, அதே மாதிரி மேடுகளுக்குக் கூட்டிப்போகிறார்கள். அந்நிய மரம் அகற்றும் பணி. சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டு, அரசு கொள்கை வகுத்து, சீகையைப் பிடுங்குகிறார்கள், புல் நடுகிறார்கள். ஆமாம், நாற்றங்காலில் வளர்த்து, பையில் வைத்து, புல்லை நடுகிறார்கள். பிடுங்கியவர்களுக்கு மிட்டாய் இல்லை, சான்றிதழ். சீகையின் வேரும் விதையும் அவ்வளவு லேசில் விடுவதில்லை என்பதால் இந்தத் திட்டத்துக்கு எதிர்காலம் பிரகாசம். இவர்களுடைய பிள்ளைகளுக்கும் சான்றிதழ் கிடைக்கும்.

நாங்கள் நட்டதால் வந்த இன்னொரு விளைவை அக்கா மகள்தான் எடுத்துச் சொன்னாள். சீகையும் கற்பூரமும் பொறுக்கி எடுக்கிற ஜாதி. அவற்றின் இலைகள் உதிர்ந்து சேற்றின் மேலடுக்கில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இன்னும் 5,000 ஆண்டு கழித்து ஒருவர் வந்து அந்த அடுக்கை எரித்துப் பார்த்தால், புல்லின் கணக்கு சரிந்து மரத்தின் கணக்கு திடுமென்று ஏறியிருக்கும். "இருபதாம் நூற்றாண்டில் நீலகிரியில் மாபெரும் மழைக்காலம் நிலவியது, சோலைகள் மேடெல்லாம் பரவின" என்று எழுதுவார். மகரந்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி இருந்தால் தப்பிப்பார். இல்லையென்றால் ஆரஞ்சு மிட்டாய்தான் அந்த மழைக்குக் காரணம் என்று அவருக்குத் தெரியவே போவதில்லை.

புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் அதிகாரிகளுக்குப் பிடிபட 150 ஆண்டு ஆயிற்று. தேன் வியாபாரிக்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. அந்தக் காலத்தில் காந்தலில் தேன் வாங்கினால் பரீட்சை வீட்டிலேயே நடக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். பேப்பரில் ஊறுகிறதா என்று பார்ப்பார்கள். தீக்குச்சியை முக்கி உரசுவார்கள். கடைசியாக நாய்க்கு வைப்பார்கள், நல்ல தேனை நாய் நக்காதாம். எங்கள் நாய் எல்லாவற்றையும் நக்கும். ஆகவே நாங்கள் வாங்கிய தேன் எதுவும் தேறியதே இல்லை.

இப்போது முறை வேறு. தேனீ போவது பெரும்பாலும் பொறுக்கி எடுக்கிற ஜாதிப் பூக்களுக்கு. ஆகவே தேனின் கணக்கு மைனஸ் 25 பக்கம் நிற்கும். கரும்புச் சர்க்கரைப் பாகையோ மக்காச்சோளப் பாகையோ கலந்தால் புல்லின் கணக்கு உள்ளே வந்து காட்டிக்கொடுத்துவிடும். 7 சதவீதத்துக்கு மேல் அந்தச் சர்க்கரை தெரிந்தால் கலப்படம். அருமையான பரிசோதனை. கலப்படக்காரர்களும் அதை அருமை என்று ஒப்புக்கொண்டு, படித்து, தெளிந்து, அரிசிப் பாகுக்கு மாறிவிட்டார்கள். முன்னே சொன்னேனே, நெல் மரத்தோடு உட்கார்ந்துகொள்ளும் என்று. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் இதை அம்பலப்படுத்தியது. இங்கே தேறிய பல தேன்கள் ஜெர்மனியில் வேறு முறையில் சோதித்தபோது தோற்றன. ஒளிச்சேர்க்கையில் உள்ள இந்த நுட்பத்தைப் புரிந்துகொண்டு இந்தியாவில் காரியத்தில் இறங்கியவர்களுக்கு ஒரு பரிசு கொடுப்பதென்றால், அந்தப் பட்டியலில் இவர்களையும் சேர்க்கத்தான் வேண்டும்.

சுகுமாரின் யானைக்கு வருகிறேன். சத்தியமங்கலம், பிளிகிரிரங்கன் மலைப் பக்கத்து யானைகளை அவர் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தவர். யானை வளைத்து வளைத்துப் புல் தின்பதை யாரும் பார்க்கலாம். ஆனால் செத்த யானைகளின் எலும்பை எடுத்து, அதிலுள்ள புரதத்தின் கார்பனைப் பார்த்தபோது, உடம்பைக் கட்டியதில் பெரும்பங்கு இலைதழைக்கும் பட்டைக்கும், புல்லுக்குச் சிறுபங்குதான். வயிறு நிரம்புவது ஒன்றால், எலும்பு வளர்வது வேறொன்றால். யானை எதைத் தின்கிறது என்பதைப் பார்த்தவன் சொன்னதும் பொய்யில்லை. யானையின் எலும்பு சொன்னதும் பொய்யில்லை.

இதைக் கேட்ட பிறகு எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம்தான் வந்தது. ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவள், தாளவாடிப் பக்கத்திலிருந்து வந்தவள். ராகிக் களி. காலையில் களி, இருட்டினால் களி. எங்கள் தெருவில் களி தின்கிறவர்கள் அதை வெளியே சொல்லமாட்டார்கள்; சோறு என்பது அந்தஸ்து. சுற்றியிருந்த படுகர் ஊர்களிலும் ராகியும் சாமையும்தான் முன்னே. பிறகு உருளைக்கிழங்கும் தேயிலையும் ரேஷன் அரிசியும் வந்து அவற்றைத் துரத்திவிட்டன. குருசடித் திருவிழா சமயத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் நெய்ச்சோற்றுக்காக நாங்கள் மதம் பார்க்காமல் காத்துக்கிடப்போம். பிறகு ரேஷன் அரிசி வந்தது, நாங்களும் மனிதர்களானோம். இன்று என் பேரன் வயதுப் பிள்ளைகள் ராகி பிஸ்கட் தின்கிறார்கள். 2023ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆயா தலையெழுத்து என்று கிண்டியது, இப்போது பாக்கெட்டில் கால் கிலோ விலை போட்டு வருகிறது.

"முடியைப் பார்த்தா இதெல்லாம் தெரியும் மாமா," என்றாள் அக்கா மகள். "தின்ன கார்பன்தான் முடியாகுது. ஆயா முடி புல் பக்கம் இருக்கும். உங்க முடி அரிசி, உருளைக்கிழங்கு, பிரெட், மரத்துப் பக்கம்."

"உன் முடி?"

சிரித்தாள். "திரும்பப் புல்லு பக்கம் நகர்ந்திருக்கும். பிராய்லர் கோழி. அதுக்குத் தீனி மக்காச்சோளம். அப்புறம் சர்க்கரை, கரும்பு. அமெரிக்காக்காரங்க முடியிலயும் அதான், சோளமாத் தெரியும்."

மூன்று தலைமுறை முன்னேறி, பள்ளிக்கூடம் போய், பிஎச்.டி. வாங்கி, ஆயா நின்ற இடத்தை நோக்கியே கொள்ளுப்பேத்தி நடந்துகொண்டிருக்கிறாள், வழியில் கோழி. ஆயா இருந்தால் மகிழ்ந்திருப்பாள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவளுக்குக் கோழி பிடிக்கும்.

ஆயாவின் முடி எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் சீப்பில் வந்த முடியை வீணாக்கமாட்டார்கள். சேர்த்துச் சேர்த்துச் சவுரி கட்டிக்கொள்வார்கள். ஆயாவின் சவுரி அம்மாவின் டிரங்குப் பெட்டியில், நாப்தலின் உருண்டைக்குப் பக்கத்தில், பழைய 'தினத்தந்தி'யில் சுற்றிக் கிடக்கிறது. இதை நான் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், பெண்ணின் கண் விரிந்துவிட்டது. முடி மாசத்துக்கு ஒரு செண்டிமீட்டர் வளரும். ஒரு நீள முடி என்றால் சில வருஷத்துச் சாப்பாட்டுக் கணக்கு வரிசையாக எழுதியிருக்கும் என்றாள். நேரே அம்மாவிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அம்மாச்சி, அந்தச் சவுரியிலருந்து எனக்குக் கொஞ்சம் முடி வேணும்."

"எதுக்குடி?"

"எரிச்சுப் பார்க்க."

அம்மா சுருக்குப்பையை இறுக்கிக்கொண்டாள். பெட்டிச் சாவி அதில்தான். "எரிக்கிறதா? நம்ம குடும்பத்துல யாரையும் எரிச்சதில்ல. புதைக்கிறதுதான் வழக்கம்."

"முடிதானே அம்மாச்சி."

"முடின்னா? அத்தை தலையில இருந்தது. என்ன தெரியணும் உனக்கு? என்ன சாப்பிட்டாங்கன்னுதானே? என்னைக் கேளு. களி. எழுதிக்க."

"அதை மெஷினும் சொல்லணும்ல. அதுலயும் அந்தக் காலத்துக் கணக்கை அப்படியே எடுத்துக்க முடியாது. காத்தே மாறிப்போச்சு, அதுக்குத் தக்கன சரி பண்ணணும்."

"இதைத்தான் நான் இத்தனை நாளாச் சொல்றேன்," என்று அம்மா என் பக்கம் திரும்பினாள். "அந்தக் காலத்துக் காத்தே வேறன்னா, கிழவி உளர்றான்னு சிரிப்பான்."

சிரித்ததை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து எரித்து, பழைய தாவரங்களின் இலேசான கார்பனைக் காற்றில் கொட்டிவிட்டோமாம். தொழிற்சாலைகளுக்கு முன்பு காற்றின் கணக்கு மைனஸ் 6.5 அளவில் இருந்தது. இன்று மைனஸ் 8.5 பக்கம் வந்துவிட்டது. காற்று வேறுதான், இரண்டு புள்ளி அளவுக்கு வேறு.

அம்மா அசைந்துகொடுக்கவில்லை. பெண் கடைசி முயற்சியாக, "ராகி தின்னாங்களா, அரிசி தின்னாங்களா, கோதுமை ரொட்டி தின்னாங்களா, எல்லாமே அதுல தெரிஞ்சுடும் அம்மாச்சி. அரிசி எது, கோதுமை எதுன்னு பிரிக்கத்தான் முடியாது. களி இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடும்," என்றாள்.

அம்மாவின் கை சுருக்குப்பையில் நின்றது.

"ரொட்டி தின்னா தெரியுமா?"

"தெரியும்."

"வீட்டுல ஒண்ணு சொல்லிட்டு, வெளியில ஒண்ணு தின்னிருந்தா?"

"முடிக்கு அதெல்லாம் தெரியாது அம்மாச்சி. உள்ள போனதைத்தான் சொல்லும்."

ஆயா கொஞ்ச காலம் ஊட்டியில் ஒரு துரை பங்களாவில் சமையல்கட்டில் வேலை பார்த்தவள். அது எல்லாருக்கும் தெரியும். அங்கே மீதமானதைக் கையால் தொடமாட்டேன், வீட்டுக்கு வந்து களிதான் தின்பேன், களி தின்று வளர்ந்த உடம்பு இது என்று, சோறு கேட்ட மருமகளிடம் அவள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததும் எல்லாருக்கும் தெரியும். அதை அம்மா எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் எனக்கு அன்றுவரை தெரியாது.

அம்மா எழுந்து பெட்டியைத் திறந்தாள். தாளைப் பிரித்து, சவுரியை முழுசாகவே தூக்கிப் பெண்ணின் மடியில் போட்டாள்.

"ஒரு முடி போதும் அம்மாச்சி. ஒரு சாண் இருந்தாலே போதும்."

"சரி, நல்ல நீள முடியாப் பார்த்து எடு. நுனியில இருந்து எடு. நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் அதுலதான் இருக்கும்."

"வேர் எது, நுனி எதுன்னு பார்த்துக்கிறேன். விழுந்த முடியில வேர்ப்பக்கம் சின்னதாக் குமிழ் இருக்கும்."

"பார்த்துக்க. ரிசல்ட்டு எப்ப வரும்?"

"மெஷின்ல வரிசை இருக்கு. மூணு மாசமாவது ஆகும்."

"பரவால்ல," என்றாள் அம்மா. "வந்ததும் எனக்கு மட்டும் முதல்ல போன் பண்ணு."